கவுன்சில் வீட்டு வாசலில் கமரா: "கழற்று" என்று கடிதம் வந்தால்

கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வாசலில் வீடியோ டோர்பெல்லோ கமராவோ பூட்டினால், கொஞ்ச நாளில் ஹவுசிங் ஒஃபிசரின் கடிதம் வரக்கூடும்: அனுமதியில்லாமல் பொருத்தியிருக்கிறீர்கள், இத்தனை நாளுக்குள் அகற்றுங்கள். அந்தக் கடிதத்தைக் கவனமாக வாசித்தால் இரண்டு வேறு விடயங்கள் அதில் குழம்பிக் கிடப்பது தெரியும். கவுன்சிலின் சுவரிலோ கதவிலோ கைவைத்தீர்கள் என்பது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரைப் படமெடுக்கிறீர்கள் என்பது மற்றது. முதலாவதற்கு ஹவுசிங் சட்டம், இரண்டாவதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எது உண்மையான ஆட்சேபம் என்று பிரித்துக்கொள்ளாமல் பதில் எழுதினால், சுவரைப் பற்றிய கேள்விக்குத் திருட்டுப் பயத்தைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வீட்டுச் சட்டமும் முறைப்பாட்டு வழியும் வேறு.

டெனன்சி (வாடகை உரிமை) என்ன வகை

ஒப்பந்தத்தை எடுத்து முதற்பக்கத்தைப் பாருங்கள். "செக்யூர் டெனன்சி" (கவுன்சில் வாடகைதாரருக்கான முழுப் பாதுகாப்புள்ள வாடகை உரிமை) என்றால் உங்கள் கை பலமானது. 1985 ஹவுசிங் சட்டத்தின் 97ஆம் பிரிவுப்படி, செக்யூர் டெனன்ட் கவுன்சிலின் எழுத்து மூல அனுமதியில்லாமல் வீட்டில் மாற்றமோ சேர்க்கையோ செய்யக்கூடாது. ஆனால் நியாயமான காரணமில்லாமல் அந்த அனுமதியை மறுக்கவும் முடியாது. அப்படி மறுத்தால் அனுமதி கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும். மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் கவுன்சிலுடையது (98ஆம் பிரிவு). எழுத்தில் கேட்டதை மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும். நியாயமான காலத்துக்குள் பதிலே தராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. பலர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ட்ரில்லைத் தூக்குகிறார்கள். சட்டம் சொல்வது நேர்மாறாக. ஏற்கெனவே பூட்டிவிட்டாலும் நம்பிக்கை உண்டு: வேலை முடிந்த பிறகு தரப்படும் அனுமதியும் அதே சட்டப்படி செல்லும்.

"இன்ட்ரொடக்டரி டெனன்சி" (புதிய வாடகைதாரருக்கான சோதனைக் காலம்) என்றால் கதை வேறு. வழக்கமாக முதல் 12 மாதம் இது. மேலும் 6 மாதம் நீட்டலாம். 97ஆம் பிரிவின் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. அதைவிட முக்கியம், கவுன்சில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நீதிமன்றம் போனால், வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடுவதைத் தவிர நீதிபதிக்குப் பெரிய தெரிவு இல்லை. ஆகவே இந்தக் காலத்தில் இருப்பவர் முதலில் கமராவைக் கழற்றிவிட்டுப் பிறகு வாதாடுவதுதான் புத்தி. நோட்டீஸ் வந்துவிட்டால், அந்த முடிவைக் கவுன்சிலே மீளாய்வு செய்யும்படி கேட்க 14 நாள்தான் இருக்கிறது.

ஹவுசிங் அசோசியேஷன் (இலாபநோக்கற்ற வீட்டு அமைப்பு) வீடுகளில் பெரும்பாலும் "அஷ்யூர்ட் டெனன்சி". அங்கே 97ஆம் பிரிவு பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

சுவர் யாருடையது

தனி வீட்டில் வெளிச்சுவர், வாசல் எல்லாம் உங்களுக்கு வாடகைக்கு விட்டதில் அடங்கும். பிளாட்டில் அப்படியில்லை. கொரிடோர்ச் சுவர், படிக்கட்டு, பால்கனியின் வெளிமுகம் போன்றவை பொதுப்பகுதி, கவுன்சிலின் கையில். அங்கே கமரா பூட்டுவது "என் வீட்டுக்குச் செய்த திருத்தம்" ஆகாது, 97ஆம் பிரிவைக் காட்டி வாதாடவும் முடியாது. பொதுப்பகுதியில் மாட்டிய பொருளை, நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் கவுன்சிலே கழற்றி எடுத்து வைக்கக்கூடும். கொரிடோரில் மாட்டியிருந்தால் சண்டை பிடிக்காமல் உள்ளே கொண்டுவாருங்கள். உங்கள் நேரத்தை வெல்லக்கூடிய இடத்தில் செலவழிக்கலாம்.

பிளாட்டின் முன்கதவு

அதிகமாகத் தோற்பது இங்கேதான். பொதுக் கொரிடோருக்குத் திறக்கும் பிளாட் கதவு பெரும்பாலும் எஃப்டி 30 தரத் தீத்தடுப்புக் கதவு. 30 நிமிடம் தீயைத் தாங்கச் சோதிக்கப்பட்டது. அதில் டோர்பெல்லுக்காக ஸ்குரூ இறக்கினால், வயருக்குத் துளை போட்டால், சோதனையில் தேறிய கதவு அதுவல்ல. 11 மீற்றருக்கு மேல் உயரமான கட்டடங்களில் பிளாட் முன்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க முயல வேண்டும் என்று 2022 தீப்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகின்றன. 2023 ஜனவரியிலிருந்து இது நடைமுறையில் உண்டு. பரிசோதகர் துளையைக் கண்டால் கதவையே மாற்றச் சொல்லலாம், அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்புக் குறைகிறதா என்பது, 98ஆம் பிரிவின்படி நீதிமன்றம் முதலில் கவனிக்கும் விடயங்களில் ஒன்று. எனவே கவுன்சில் "தீத்தடுப்புக் கதவு" என்று காரணம் சொன்னால் அது பெரும்பாலும் நியாயமான மறுப்புத்தான்.

துளையில்லாமல் கதவில் கவ்விப் பிடிக்கும் தாங்கிகள் விற்கிறார்கள். அவையும் வில்லங்கம். கதவுக்கும் நிலைக்கும் இடையில் 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்கும். அதற்குள் ஒரு உலோகத் தகடு போனால் புகைத்தடுப்புப் பட்டை சரியாக ஒட்டாது, தானாக மூடும் கருவியும் கதவை முழுதாக இழுத்து மூடாமல் விட்டுவிடும். கதவில் ஏற்கெனவே இருக்கும் கண்துளையில் செருகும் கமராவுக்கும் கேட்டுவிட்டே போடுங்கள், ஏனென்றால் அந்தக் கண்ணாடிக் குழாயும் தீத்தரம் உள்ளதாக இருக்கவேண்டும்.

அப்படியானால் பிளாட்டில் என்ன செய்வது? யன்னல் உள்பக்கம் வைக்கும் கமராவுக்குச் சுவரும் வேண்டாம், கதவும் வேண்டாம். ஒரு குறை: இரவில் கமராவின் இன்ஃப்ராரெட் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். இன்ஃப்ராரெட்டை நிறுத்திவிட்டு, வெளி விளக்கின் வெளிச்சத்தில் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்ட வைக்க வேண்டும்.

தனி வீட்டில் பூட்டுவதாக இருந்தால்

விண்ணப்பத்தில் பொருத்தும் முறையைச் சரியாக எழுதுவதுதான் அனுமதி வாங்கும் குறுக்குவழி. கவுன்சில் பயப்படுவது மூன்றுக்கு. முதலில் அஸ்பெஸ்டஸ்: பிரிட்டனில் 1999இல்தான் முற்றாகத் தடை வந்தது, அதனால் 2000க்கு முந்திய வீடுகளில் கூரை விளிம்புப் பலகையிலும் வாசல் மேல் தகட்டிலும் இருக்கலாம். துளைபோடும் இடத்துக்கான அஸ்பெஸ்டஸ் பதிவைக் கவுன்சிலிடம் கேளுங்கள். அடுத்தது வெளிச்சுவர் இன்சுலேஷன். மேலே பூச்சு, உள்ளே தடித்த பலகை; அதைத் துளைத்தால் தண்ணீர் இறங்கும், உத்தரவாதமும் போகலாம். செங்கல்லும் சாந்தும் மட்டும் உள்ள இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மூன்றாவது மின்சாரம். பற்றரி அல்லது சோலாரில் ஓடுவது என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. பழைய வீட்டு மணியின் 8 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோமர் பெரும்பாலான வீடியோ டோர்பெல்களுக்குப் போதாது. அதை மாற்ற வேண்டுமென்றால் தகுதியுள்ள எலக்ட்ரிஷியன் செய்வார் என்று குறிப்பிடுங்கள்.

கேபிள் இழுத்தால், துளை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரியட்டும். வெளியே கேபிள் ஒருமுறை தாழ்ந்து வளைந்து பிறகு துளைக்குள் ஏறட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிறகு சிலிக்கோன். முனையில் பிளக் பொருத்திய கேபிளுக்குப் பெரிய துளை வேண்டும்; பிளக் இல்லாமல் இழுத்துப் பிறகு முனை போட்டால் 8 மில்லிமீற்றர் போதும். இதையும் எழுதுங்கள், வீட்டை விடும்போது துளையை அடைத்துப் பூசித் தருவதாகவும் சேருங்கள். வரலாற்றுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம்.

கமரா எதைப் பார்க்கிறது

உங்கள் எல்லைக்குள் மட்டும் பார்க்கும் கமராவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. தெருவோ, பொதுநடைபாதையோ, அயலவர் தோட்டமோ விழுந்தால் யூகே ஜிடிபிஆரும் (தனிநபர் தரவைக் காக்கும் விதிமுறை) 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிடும். வந்தால் குற்றம் என்று அர்த்தமில்லை, கடமைகள் வந்து சேரும்: பதிவு நடப்பதை அறிவிக்கும் சிறு பலகை, தேவைக்கு மேல் காலம் வைத்திருக்காமல் அழித்தல், யாராவது தன் படத்தைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் பதில், பதிவுகளைப் பத்திரமாக வைத்தல். இதை மேற்பார்வை செய்வது தகவல் ஆணையர் அலுவலகம், கவுன்சில் அல்ல. ஆனாலும் ஒப்பந்தத்தின் "அயலவருக்குத் தொல்லை தரக்கூடாது" என்ற விதியைக் கவுன்சில் பயன்படுத்தலாம், அது அதன் உரிமை.

கவுன்சில் கடிதங்களில், வீட்டுக் கமராக்கள் பற்றிய 2021 ஒக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு வந்து நிற்கும். அது கவுன்சில் வாடகை வழக்கல்ல, அயலவர் இருவருக்கிடையிலானது. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் பாடம் உதவும்: நீதிபதி கண்டித்தவற்றில் முக்கியமானவை, தூரத்தில் நடக்கும் பேச்சையும் பிடிக்கும் ஓடியோப் பதிவும், கமராக்களைப் பற்றி அயலவரை ஏமாற்றியதும். எனவே ஓடியோவை நிறுத்துவது முதல் வேலை. பெரும்பாலான செயலிகளில் இது ஒரு பட்டன்தான்.

அடுத்து, பலர் தடுக்கி விழும் இடம். "மோஷன் ஸோன்" வேறு, "பிரைவசி ஸோன்" வேறு. மோஷன் ஸோன் எப்போது பதிவு தொடங்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். தொடங்கியதும் முழுக் காட்சியும் பதியும். அயலவர் யன்னலைக் கறுப்பாக மறைப்பது பிரைவசி ஸோன். சுழலும் கமராவில் மறைப்பு இடம் தவறக்கூடும். அசையாத கமராவே நல்லது. ஃபாக்டரி ரீசெட் செய்தால் மறைப்புகள் அழிந்துபோகும், மறுபடி போட வேண்டும். கமராவைக் கீழ்நோக்கித் திருப்பி வாசல்படியை மட்டும் காட்டுவது எந்த மென்பொருளையும்விட வலுவான பதில்.

கடிதத்தில் என்ன எழுதுவது

ஆங்கிலத்தில், மின்னஞ்சலில், ஒரே பக்கத்தில். முதலில் அவர்கள் எந்த ஒப்பந்த விதியைச் சொல்கிறார்கள் என்று விதி எண்ணுடன் கேளுங்கள். பிறகு (செக்யூர் டெனன்ட் என்றால் 97ஆம் பிரிவின் கீழ்) அனுமதி கேட்பதாக, அல்லது ஏற்கெனவே பூட்டியதற்குப் பின்னனுமதி கேட்பதாக எழுதுங்கள். கமராவின் மாடல், உயரம், பொருத்தும் முறை, ஓடியோ நிறுத்தப்பட்டது, எத்தனை நாளில் பதிவு அழியும் என்பவை அடுத்து. மறைப்புகளுடன் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக ஸ்கிரீன்ஷொட் இணையுங்கள். பத்துப் பந்தி விளக்கத்தைவிட இது பேசும். பொலிஸ் குற்ற எண்கள் இருந்தால் தேதியுடன். வீட்டு வன்முறை, துன்புறுத்தல், உடற்குறைபாடு காரணமென்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்காகப் பல கவுன்சில்களில் வீட்டைப் பலப்படுத்தும் "சாங்சுவரி ஸ்கீம்" உண்டு. உடற்குறைபாட்டுக்கு 2010 சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைக் கோர இடம் தருகிறது. நிபந்தனையுடன் அனுமதி தந்தால் அந்த நிபந்தனையைப் பிடித்து நடக்க வேண்டும், மீறல் ஒப்பந்த மீறலாகும்.

அயலவர் முறைப்பாட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையா? உங்களைப் பற்றிய ஹவுசிங் கோப்பை "சப்ஜெக்ட் அக்சஸ் ரிக்வெஸ்ட்" மூலம் கேட்கலாம், பணம் இல்லை, ஒரு மாதம். அயலவரின் பெயர் மறைக்கப்பட்டே வரும்.

மறுத்தால்

"இது ஸ்டேஜ் 1 முறைப்பாடு" என்று தலைப்பிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் சாதாரண விசாரணையாகப் போட்டுவிடுவார்கள். ஹவுசிங் ஒம்புட்ஸ்மனின் (வாடகைதாரர் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) முறைப்பாட்டு விதிக்கோவை 2024 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயமானது: 5 வேலை நாளில் கிடைத்ததாக ஒப்புதல், அதிலிருந்து 10 வேலை நாளில் முதற்கட்டப் பதில், மேல்முறையீடான ஸ்டேஜ் 2க்கு 20 வேலை நாள். இறுதிப் பதில் வந்த 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், இலவசம். ஒம்புட்ஸ்மன் பார்ப்பது கவுன்சில் உங்கள் விண்ணப்பத்தை நியாயமாகவும் தன் கொள்கைப்படியும் கையாண்டதா என்பதை. தரவுச் சட்ட மீறலா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸோ நீதிமன்றக் கடிதமோ வந்தால் ஒம்புட்ஸ்மனுக்காகக் காத்திருக்காதீர்கள். செக்யூர் டெனன்ட்டை ஒப்பந்த மீறலுக்காக வெளியேற்ற, அது நியாயமானது என்று நீதிபதி ஏற்க வேண்டும். ஒரு டோர்பெல்லுக்காக அது நடப்பது கடினம், ஆனால் உத்தரவை அலட்சியம் செய்தவருக்கு அந்த அனுதாபம் கிடைக்காது. வீடு பறிபோகும் அபாயமுள்ளவர்களுக்கு வருமானம் பார்க்காத இலவச சட்ட ஆலோசனைத் திட்டம் 2023 முதல் இருக்கிறது. கடிதம் வந்த அன்றே ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்புகள் மூலம் கேளுங்கள்.

கடைசியில் கழற்றத்தான் வேண்டுமென்றால், கழற்றுவதற்கு முன் பொலிஸுக்குத் தேவையான காட்சிகளை இறக்கி வேறொரு இடத்தில் சேமியுங்கள். சந்தாவை நிறுத்தினாலோ கருவியைக் கணக்கிலிருந்து நீக்கினாலோ கிளவுடில் இருந்தவை போய்விடலாம், பிறகு முறைப்பாட்டுக்கு ஆதாரம் கேட்டால் கையில் எதுவும் இருக்காது. கழற்றியதும் சுவரைப் படமெடுத்து, அகற்றிய தேதியுடன் ஹவுசிங் ஒஃபிசருக்கு அனுப்புங்கள். கழற்றிய காரணத்தால் அனுமதி விண்ணப்பம் கைவிடப்படவில்லை என்று அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.