பழைய காசைத் தேய்க்காதீங்க!

பழைய காசு சேகரிக்கிறவர்களுக்குப் பட்ஜெட் குறைவாக இருந்தால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கறுத்துப்போன காசுகள்தான். ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கும் வரிசையில் விடுபட்ட ஒன்று அப்படிக் கிடைத்தால் வருகிற சந்தோஷமே தனி. உடனே எலுமிச்சை, பற்பசை என்று தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டவே வேண்டாம்! அந்தக் கருமை பல வருஷமாக உலோகத்தின் மேல் உருவான படலம். தேய்த்தால் பளபளப்போடு மெல்லிய கீறல்களும் வரும், சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள், போதும். எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். செம்பில் விரல் ரேகை கறையாகவே தங்கிவிடும்.

காசைப் போட்டுவைக்க வளைகிற பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) உறையும் கூடாது, நாளடைவில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை வாங்குங்கள்.

வெள்ளி என்று விற்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வெள்ளியில்லை, ஒட்டாவிட்டாலும் எடையைச் சரிபார்த்தே வாங்குங்கள்.