இரண்டு ஆண்டு கிரீன் கார்டு: நிபந்தனை நீக்க விண்ணப்பிப்பது எப்படி?

திருமணத்தின் வழியாக அமெரிக்க கிரீன் கார்டு பெற்றவர்கள் முதலில் கார்டில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். வகை என்ற இடத்தில் சி.ஆர்.1 அல்லது சி.ஆர்.6 என்று இருக்கிறதா? வசிப்புரிமை கிடைத்த நாளிலிருந்து இரண்டே ஆண்டில் கார்டு காலாவதியாகிறதா? அப்படியானால் உங்களுடையது நிபந்தனைக்குட்பட்ட வசிப்புரிமை. வசிப்புரிமை கிடைத்த அன்று திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவர்களுக்கு இப்படித்தான் தருவார்கள். போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின் விளைவு இது.

இந்த நிபந்தனையை நீக்கக் கோரும் படிவம் ஐ-751. பத்தாண்டு கார்டைப் புதுப்பிக்கும் ஐ-90 வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் படி: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது, கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் மனு குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதம் என்று எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள். கார்டு 2027 அக்டோபர் 20 அன்று முடிகிறது என்றால் 90ஆவது நாள் ஜூலை 22. மூன்று மாதக் கணக்கில் ஜூலை 20 அன்றே போய்ச் சேர்ந்தால் உறையோடு திரும்பி வந்துவிடும். நாள் தவறினாலோ இன்னும் சிக்கல்: வசிப்புரிமையே முடிந்துபோகும். தாமதத்துக்குத் தக்க காரணத்தை எழுத்தில் விளக்கி மனுச் செய்யலாம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

இரண்டாம் படி: சான்றுகளைச் சேருங்கள்

பெரும்பாலோர் கல்யாண ஆல்பத்தைத் தேடிப் போகிறார்கள். கல்யாணம் நடந்ததை முதல் விண்ணப்பத்திலேயே காட்டிவிட்டோம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா என்பதே இப்போது கேள்வி. அதற்குப் பதில் சொல்பவை அன்றாடக் காகிதங்கள்: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, கார், மருத்துவக் காப்பீடுகள், ஒருவருக்கொருவர் நாமினியாக இருக்கும் ஓய்வூதியக் கணக்கு, குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ். வரி விவரப் பிரதியை அமெரிக்க வருமான வரித் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பெறலாம்.

கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டு அதில் நூறு டாலரைப் போட்டு அப்படியே விட்டுவைத்தால் அதற்கு மதிப்பில்லை. சம்பளம் அதில் வந்து விழ வேண்டும். வாடகை, மின்கட்டணம், மளிகைச் செலவு அதிலிருந்து போக வேண்டும். இரண்டு ஆண்டுகளிலிருந்தும் இடைவெளி விட்டுச் சில மாத அறிக்கைகளை வையுங்கள்.

நம் வீடுகளில் வாடகை ஒப்பந்தம் முதல் கைப்பேசி இணைப்பு வரை எல்லாமே கணவர் பெயரில் இருப்பது சாதாரணம். அதை முதல் மாதத்திலேயே மாற்றுங்கள். மனுவுக்குச் சான்று கிடைப்பது ஒரு பக்கம். புது நாட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய கவலை.

மூன்றாம் படி: பெயர்களைச் சரிபாருங்கள்

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதன் விரிவாக அப்பாவின் பெயர், திருமணத்துக்குப் பிறகு வங்கியில் கணவரின் பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருக்கும். சட்டப்படியான பெயரை அதற்குரிய இடத்தில் எழுதிவிட்டு, மற்ற வடிவங்கள் அனைத்தையும் ‘பயன்படுத்திய வேறு பெயர்கள்’ பகுதியில் விடாமல் எழுதுங்கள். தமிழில் உள்ள எந்தச் சான்றிதழுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் அறிந்தவன், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைத் தெரிந்த வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

நான்காம் படி: அனுப்புங்கள்

படிவத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். பக்கத்தின் அடியில் உள்ள பதிப்புத் தேதி எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இருவரும் பேனாவால் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத மனு திரும்பிவிடும். கார்டின் இரு பக்க நகலை இணையுங்கள். கட்டணம் 750 டாலர். கடன் அட்டையில் செலுத்த ஜி-1450 படிவத்தை மேலே வையுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் முகவரி மாறும். அனுப்பும் கட்டு முழுவதற்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் காலம்

வரும் ரசீதுக் கடிதம் உங்கள் வசிப்புரிமையைக் கார்டின் காலாவதித் தேதியிலிருந்து 48 மாதங்களுக்கு நீட்டிக்கிறது. பழைய கார்டையும் இதையும் சேர்த்துக் காட்டியே வேலை பார்க்கலாம், வெளிநாடு போய்த் திரும்பலாம். மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கைரேகைக்கு அழைத்தால் அழைப்புக் கடிதம், கார்டு, பாஸ்போர்ட்டுடன் போங்கள். ரேகை, புகைப்படம், கையெழுத்து, அவ்வளவுதான். அங்கே வழக்கைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பழைய ரேகையையே பயன்படுத்திக்கொண்டு அழைக்காமலும் விடுவார்கள். நேர்காணலும் அப்படித்தான், எல்லோருக்கும் வராது. வந்தால் இருவரும் மூல ஆவணங்களுடன் போக வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் முகவரி மாற்றப் படிவமான ஏ.ஆர்-11 வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தபால் நிலையத்தில் மாற்றினால் மட்டும் போதாது.

துணைவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, கிரீன் கார்டு கிடைத்த பின் மூன்று ஆண்டுகள் அவரோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால், ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே என்-400 படிவம் கொடுத்துக் குடியுரிமை கோரலாம். இரண்டையும் ஒரே நேர்காணலில் முடிப்பதும் உண்டு.

கையெழுத்துப் போட மறுத்தால்?

“நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்” என்ற மிரட்டல் சில வீடுகளில் நடக்கிறது. அது உண்மையல்ல. உண்மையான திருமணமாக இருந்து மணமுறிவு ஆகிவிட்டாலோ, கொடுமைக்கு ஆளாகியிருந்தாலோ, துணைவரின் கையெழுத்தின்றித் தனியாகவே ஐ-751 கொடுக்கலாம். 90 நாள் கணக்கும் அதற்குக் கிடையாது. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இந்த நிலையில் உள்ளவர்கள் படிவம் நிரப்பித் தரும் ஏஜென்டுகளிடம் போகாமல், குடியேற்ற வழக்கறிஞரையோ அமெரிக்க நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியையோ பாருங்கள்.