ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எழுத்தின் வழியே மொழி கற்பித்தல்

பேசிய சொல் காதில் விழுந்த மறுகணமே மறைந்துவிடுகிறது. தாளில் எழுதிய சொல்லோ குழந்தை பார்த்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குக் கேட்பதைவிடப் பார்ப்பதை மனத்தில் நிறுத்துவது எளிது என்பதால், முதலில் பேச்சு, பிறகுதான் எழுத்து என்னும் வழக்கமான வரிசையை அவர்கள்மீது சுமத்த வேண்டியதில்லை. செவித்திறன் பரிசோதனையை முடித்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சியாளரின் துணையுடன், இன்னும் பேசத் தொடங்காத குழந்தைக்கும் எழுத்துச் சொற்களை அறிமுகப்படுத்தலாம். எழுத்தும் அட்டையும் பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். இத்தகைய மாற்றுவழித் தொடர்பு முறைகள் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

தமிழின் 247 எழுத்துகளையும் கற்பித்த பிறகே சொல்லுக்குப் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மிகவும் விரும்பும் இரண்டு பொருள்களின் பெயர்களை, முழுச் சொற்களாக, வெள்ளை அட்டையில் தடித்த கறுப்பு எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் படம் வரைந்தால் குழந்தை படத்தை மட்டுமே பார்க்கும். எழுத்து வெறும் அலங்காரமாக நின்றுவிடும். முதல் இரண்டு சொற்கள் நீளத்திலும் வடிவத்திலும் நன்கு வேறுபட வேண்டும்: ‘பால்’, ‘ஊஞ்சல்’ என்பவை பொருந்தும், ‘பால்’, ‘பாய்’ என்ற இணை பிற்காலத்துக்கு உரியது. முதலில் ஒரே சொல் எழுதிய இரண்டு அட்டைகளைச் சேர்க்கவும், அடுத்து அட்டையைப் பொருளின் அருகில் வைக்கவும், பின்னர் அட்டையை உங்கள் கையில் கொடுத்து அந்தப் பொருளைப் பெறவும் பழக்குங்கள். குழந்தை ஊஞ்சலைத்தான் விரும்புகிறது என்று உங்களுக்குத் தோன்றினாலும், அது ‘பால்’ அட்டையைக் கொடுத்தால் உடனே பாலையே கொடுக்க வேண்டும். சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை இந்த அனுபவம்தான் உணர்த்துகிறது. அட்டைகளின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்; இல்லையெனில் குழந்தை சொல்லை அன்றி இடத்தை மனனம் செய்துவிடும்.

‘வேண்டும்’ என்று எழுதுவதா, ‘வேணும்’ என்று எழுதுவதா என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களில் விரைவிலேயே எழும். வீட்டில் பேசுவதையே எழுதுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. காதில் ‘தண்ணி’ என்றும் கண்ணில் ‘தண்ணீர்’ என்றும் இரு வடிவங்களை ஒரே நேரத்தில் தருவது, ஒரு சொல்லையே அரிதின் முயன்று பற்றும் குழந்தைக்கு இரட்டைச் சுமையாகும். பள்ளிப்பாட வடிவத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டி, தாத்தா உட்பட வீட்டில் அனைவரும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

வாக்கியங்களைக் கற்பிக்கும்போது எழுத்தின் பயன் இன்னும் தெளிவாகப் புலப்படும். ‘தண்ணி வேணும்னு சொல்லு’ என்றால், ‘சொல்லு’ என்பதையும் சேர்த்தே திருப்பிச் சொல்லும் குழந்தைகள் உண்டு. தனக்குத் தாகம் எடுக்கும்போது, தான் கேட்டபடியே ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்பவர்களும் உண்டு. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் விவரித்த ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளில், பேசக் கற்றிருந்தவர்களிடம் இத்தகைய பேச்சு முறை காணப்பட்டது. ஆகவே வாயால் எடுத்துக்கொடுக்காமல், ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்று குழந்தையின் நிலையிலிருந்தே ஒரு தாள்பட்டையில் எழுதி முன்னால் வையுங்கள். பேசும் குழந்தை அதைப் படிக்கட்டும். பேசாத குழந்தை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டட்டும். நீங்கள் பின்னால் நின்று, பேசாமல், தேவைப்பட்டால் மட்டும் கையை வழிநடத்துங்கள். வாக்கியம் நிலைபெற்றதும் பட்டையின் கடைசிச் சொல்லை வெட்டி நீக்குங்கள். அடுத்து நடுச் சொல், அதன்பின் வெற்றுத்தாள், முடிவில் அதுவும் இல்லை. பேசும் குழந்தைகளிடம் எழுத்துக் குறிப்பைப் படிப்படியாக விலக்கும் இம்முறையை, கிரான்ட்ஸ், மெக்லானஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1993இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

வேற்றுமை உருபுகள் பேச்சில் ஓசை தேய்ந்து ஒலிப்பதால் எளிதில் தவறிப்போகின்றன; தாளில் அவற்றைக் கண்ணுக்குத் தெரியவைக்கலாம். ‘பெட்டி’, ‘தட்டு’ என்ற அட்டைகளின் முடிவில் ‘ல’ என்ற சிறு வண்ண அட்டையை ஒட்டி, ‘பெட்டில’, ‘தட்டுல’ என்று ஆக்கி, பொருளை உண்மையாகவே உள்ளேயும் மேலேயும் வைத்துக் காட்டுங்கள். ‘வீட்டுல’, ‘மரத்துல’ போன்று அடிச்சொல்லே மாறுபவற்றை இவ்வாறு பிரிக்காமல் முழுச் சொற்களாகவே பிறகு கொடுங்கள்.

சரளமாகப் படிக்கும் குழந்தை பொருளையும் உணர்ந்துவிட்டது என்று கருதிவிடக் கூடாது. பொருள் புரிவதற்கு மிக முன்னதாகவே எழுத்தைப் படிக்கும் இந்த இயல்புக்கு 1967இல் சில்பர்பெர்க் தம்பதியர் ஹைப்பர்லெக்சியா என்று பெயரிட்டார்கள். சோதித்தறிய எளிய வழி உண்டு: சாவி, பந்து, தட்டு, பெட்டி நான்கையும் பரப்பி, ‘சாவி தட்டுல வை’ என்று எழுதி நீட்டுங்கள். விரலாலோ பார்வையாலோ குறிப்புக் கொடுக்காதீர்கள்.

குழந்தையின் கையையோ முழங்கையையோ பெரியவர் தாங்கிப் பிடித்துத் தட்டச்சு செய்யவைக்கும் முறையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். குழந்தைக்கு ஒரு படத்தையும் உதவியாளருக்கு வேறொரு படத்தையும் காட்டி நடத்திய சோதனைகளில், தட்டச்சில் வந்தவை உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்களாகவே இருந்தன. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமும் 2018இல் இம்முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. அட்டையை எடுக்கப் பழக்கும் தொடக்க நாள்களில் கையை லேசாக வழிநடத்துவது வேறு. அந்தத் தொடுகையையும் விரைவில் விலக்கி, குழந்தை தானாக எடுத்துத் தரும் சொல்லை மட்டுமே அதன் சொல்லாகக் கணக்கில் கொள்ளுங்கள்.