துகேலா அருவிக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்திலிருந்து டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போகிறவர்கள் பலர் துகேலா அருவியைக் கீழிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஐந்து தாவலாக 948 மீட்டர் இறங்கும் அருவி அது. உச்சியில் நின்று பார்ப்பதே தனி. அதற்குச் சென்டினல் வாகன நிறுத்தத்திலிருந்து நடக்க வேண்டும். போய்வர ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.

தைப்பூசம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம்; அப்போது வெறும் ஈரக்கோடுதான், சில நாள் பனிக்கட்டி. ஆனால் மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். விடியும்போதே கிளம்பி, மதியத்துக்குள் வழியில் பாறையில் தொங்கும் சங்கிலி ஏணிகளைத் தாண்டிக் கீழே வந்துவிடுங்கள். மேலே இரும்பு ஏணியில் மாட்டிக்கொள்ளும் நேரமல்ல அது.

ஏணியில் பாதத்தின் நடுப்பகுதியைப் படியில் ஊன்றுங்கள். நுனிக்கால் வைத்தால் ஏணி பாறையோடு ஆடும்போது பயம் பிடித்துவிடும். காலையில் இரும்பு சில்லென்றிருக்கும், கையுறை அவசியம். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். அவர்களுக்குக் கீழே தெண்டேலே முகாமிலிருந்து பள்ளத்தாக்கு வழி நடை இருக்கிறது, அதுவும் குறைச்சலில்லை. சட்டி பிரியாணியை வண்டியிலேயே விட்டுவிட்டு, ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்கு கறி எடுத்துப் போங்கள். காற்றுத் தடுக்கும் மேற்சட்டை கோடையிலும் பையில் இருக்கட்டும்.