'எம்டி' என்றால் என்ன? கீவேர்டுகளை வைத்து ஒரு துறையின் போக்கைப் பிடிப்பது

2019 கோடையில் வேளச்சேரியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில்தான் என் ஆய்வுத் தலைப்பு முடிவானது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன. டீசாலினேஷன் எனப்படும் இந்த உப்பு நீக்கும் ஆராய்ச்சி எங்கே தொடங்கி எங்கே போய்க்கொண்டிருக்கிறது? அத்தனை கட்டுரைகளையும் படிக்க ஒரு ஆயுள் போதாது. அதனால் கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டும் கீவேர்டுகளைப் பிடித்தேன். எந்தெந்தச் சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, சொற்களை வட்டங்களாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் படம் போடுவதுதான் அடிப்படை. இப்படி எண்ணுவது 1983-லேயே சமூகவியலாளர் மிஷேல் கலோன் குழுவினர் பிரான்சில் முன்வைத்த வழி.

முதலில் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடி, விவரங்களைக் கோப்பாக இறக்குங்கள். அதில் இரண்டு வகை கீவேர்டுகள் இருக்கும்: கட்டுரை ஆசிரியர் கொடுத்தவை, தரவுத்தளம் சேர்த்தவை. முதல் வகையை எடுங்கள். நான் தெரியாமல் இரண்டையும் சேர்த்துவிட்டேன். படத்தின் நடுவே, தரவுத்தளம் சேர்த்த 'ஆர்ட்டிகிள்' என்ற சொல்லுக்குப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வட்டம்! கைடு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது என்னப்பா புதுத் துறை?" என்றார்.

படம் வரைய லைடன் பல்கலைக்கழகத்தின் விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஐந்து தடவைக்குக் குறைவாக வரும் சொற்களை அது தானாகவே ஒதுக்கும்; கோப்பு பெரிதென்றால் பத்தாக்குங்கள். அப்புறம் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான்.

அந்த வேலைக்குப் பெயர் தெசாரஸ் கோப்பு. நோட்பேடில் இரண்டு நெடுவரிசை, நடுவே ஒரு டேப்: இடப்பக்கம் இருக்கும் சொல், வலப்பக்கம் மாற்ற வேண்டிய சொல். வலப்பக்கம் காலியாக விட்டால் அந்தச் சொல் படத்திலேயே வராது. தேடிய சொல்லான 'டீசாலினேஷன்' எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை இப்படித்தான் நீக்கினேன். 'ஆர்ஓ'வையும் அதன் விரிவான 'ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்'ஸையும் யோசிக்காமல் இணைக்கலாம். மிஞ்சும் உப்புநீரைச் சிலர் 'பிரைன்' என்பார்கள், சிலர் 'கான்சென்ட்ரேட்', சிலர் 'ரிஜெக்ட்'. தலைப்பைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

நான் வசமாக மாட்டியது 'எம்டி'யில். மெம்பிரேன் டிஸ்டிலேஷன், அதாவது நீராவியைச் சவ்வு வழியாகப் பிரிக்கும் முறை, என்று இணைத்தேன். அந்த வழிமுறைக்குத் திடீரென்று மவுசு கூடியதுபோல் தெரிந்தது. சந்தேகப்பட்டுக் கட்டுரைகளைத் திறந்தால், பாதி மாலிக்யுலர் டைனமிக்ஸ்! கிராஃபீன் என்ற மிக மெல்லிய கார்பன் படலத்தின் துளைகளில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கணினியில் பார்க்கும் ஆய்வுகள். அன்றிலிருந்து சுருக்கெழுத்து எதையும் பத்துத் தலைப்பாவது பார்க்காமல் தொடுவதில்லை.

காலத்தைப் பார்க்க, கோப்பை ஐந்தைந்து ஆண்டுகளாக வெட்டித் தனித்தனிப் படம் போடுங்கள். சொற்களுக்கு ஆண்டு வாரியாக நிறம் கொடுக்கும் வசதி விஓஎஸ்வியூவரில் உண்டு. ஆனால் அது சராசரி ஆண்டு. முப்பது ஆண்டாகப் புழங்கும் சொல்லும் நடுவில் வந்து மறைந்த சொல்லும் அதில் ஒரே நிறமாகலாம். எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், விழுக்காடு பாருங்கள். 100 கட்டுரையில் 10 தடவை வந்த சொல் 1,000 கட்டுரையில் 50 தடவை வந்தால் வளர்ந்ததாகத் தோன்றும், பங்கு பாதியாகிவிட்டது.

தேடிய வரி, தேடிய தேதி, இணைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் படத்தைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி. மீதி எல்லாம் அந்த நோட்டைப் பற்றித்தான்.