கூரைக் காற்றோட்ட விசிறியால் தீ விபத்து நேராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் தேங்கும் வெப்பக் காற்றை வெளியேற்றும் மின்விசிறி, அறையில் உள்ள விசிறியைப் போல நம் கண்முன் சுழல்வதில்லை. அது முனகினாலும் நமக்குக் கேட்காது, நின்றுபோனாலும் தெரியாது. ஆபத்து பெரும்பாலும் இந்த நின்றுபோன விசிறியிலிருந்துதான் வருகிறது. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் வறண்டு இறக்கை சிக்கிக்கொண்ட பிறகும், வெப்பநிலைக்கேற்ப விசிறியைத் தானாக இயக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருந்தால், சுழற்சியாக மாற வேண்டிய ஆற்றல் முழுவதும் மோட்டாரின் கம்பிச் சுருளான காயிலில் வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பத்தில் காயிலின் காப்புப் பூச்சு கருகி, அருகில் படிந்திருக்கும் தூசியும் கூரை மரமும் தீப்பற்றக்கூடும்.

இனி, ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனையைப் பார்ப்போம்.

முதற்படி, மின்சாரத்தைத் துண்டிப்பது. விசிறி ஓடவில்லை என்பதால் அதில் மின்சாரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பம் கூடியதும் அது தானாகவே சுழலத் தொடங்கும். பிரேக்கரை அணைத்துவிட்டு, மேலே சென்றதும் டெஸ்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோடைப் பகலில் அந்த இடம் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும் என்பதால் அதிகாலையிலேயே ஏறுவது நல்லது. உட்கூரைப் பலகை ஆள் எடையைத் தாங்காது; குறுக்குச் சட்டங்களின் மீது மட்டுமே கால் வையுங்கள்.

இரண்டாவது படிதான் முக்கியமானது. இறக்கையைக் கையால் மெல்லச் சுழற்றிவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள விசிறி சத்தமின்றிச் சில சுற்றுகள் ஓடி, தானாக அடங்கும். உடனே நின்றாலோ, கரகரவென்று உராய்ந்தாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் நினைப்பதுண்டு. மூடிய வகைப் பேரிங்கினுள் எண்ணெய் இறங்காது. வெளியே வழிந்து தூசியைத்தான் பிடித்து வைக்கும். மோட்டாரை மாற்றிவிடுவதே சரி.

மோட்டாரில் வெப்பப் பாதுகாப்பான் இருக்கிறதே என்று கேட்கலாம். சில வகைகள் சூடேறியதும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் இணைத்துவிடுகின்றன. சிக்கிய மோட்டாரில் இது நாள்தோறும் பலமுறை நடந்து, ஒரு கட்டத்தில் அந்தப் பாதுகாப்பானே பழுதாகலாம். ஒருமுறை எரிந்தால் மீளாத ஃபியூஸ் வகை இதைவிடப் பாதுகாப்பானது. அது எரிந்துபோனால், அதைத் தவிர்த்து நேராக வயரை இணைத்து ஓட்டுவது தீயை வலிய அழைப்பதாகும்.

அடுத்து, மோட்டாரின் காற்றுத் துளைகளில் படிந்த ஒட்டடையையும் தூசியையும் உலர்ந்த பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ அகற்றுங்கள். வெப்பத் தடுப்புப் பஞ்சு மோட்டாரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விலக்கிவிடுங்கள். வயர் இணைப்புகள் அனைத்தும் மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். வெளியே தொங்கும் முறுக்கிணைப்பு, எலி கடித்த தடம், பழுப்பேறிய காப்புறை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எலக்ட்ரீஷியனை அழைக்கும் வரை பிரேக்கரைப் போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் பொதுவாக 38 முதல் 43 டிகிரிக்குள் அமைக்கப்படுகிறது. ஆனால் அதற்கு வெயிலின் வெப்பமும் நெருப்பின் வெப்பமும் ஒன்றுதான். கூரைக்குள் வேறு காரணத்தால் தீப்பிடித்தாலும் விசிறியை ஓடவிட்டு, நெருப்புக்குக் காற்றை ஊட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, மிகையான வெப்பத்தில் விசிறியை நிறுத்திவிடும் தனிக் கட்டுப்பாடு ஒன்றும் உடன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பொருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, கீழே ஒருவரைப் பிரேக்கரைப் போடச் சொல்லி, தெர்மோஸ்டாட்டின் அளவைக் குறைத்து விசிறியை ஓட்டிப் பாருங்கள். காலைக் குளிரில் அது இயங்காவிட்டால், ஹேர் டிரையரின் வெப்பக் காற்றைத் தெர்மோஸ்டாட்டின் மீது காட்டினால் போதும். கால் மணி நேரம் ஓடவிட்டு, வாடையையும் ஒலியையும் கவனித்தபின் பழைய அளவுக்கே திருப்பிவிடுங்கள். வீட்டினுள் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால், விசிறி ஓடும்போது அதன் புகை உள்ளே திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். கூரையில் காற்று நுழையும் திறப்புகள் போதாவிட்டால் விசிறி வீட்டுக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும். அப்போது அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைகளில் பரவக்கூடும்.

கூரைக்குள் எச்சரிக்கைக் கருவி வைக்க விரும்பினால், சாதாரணப் புகை உணரி அங்கே பொருந்தாது. பல உணரிகள் 38 டிகிரி வரையிலான இடங்களுக்கே உரியவை. உயர் வெப்பநிலைக்கென அமைந்த வெப்ப உணரியை வாங்கி, கீழ்த்தளத்து அலாரத்துடன் இணைத்துவிடுங்கள். மேலே மட்டும் ஒலித்தால் உறங்குபவர்களுக்குக் கேட்காது.