சிப்பாய் படமா? முதலில் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து சிப்பாய் படம் கைக்கு வந்தால் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் அட்டையைத் திருப்புவேன். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுப் பழகியவன் என்பதால் வந்த பழக்கம் இது.

இந்தப் படத்துக்கு கார்ட் டி விசிட் என்று பெயர். அட்டை ஏறக்குறைய 6.4 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். பாரிஸில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர் 1854-இல் காப்புரிமை வாங்கிய முறை. ஒரே கண்ணாடி நெகட்டிவில் எட்டுப் படம் வரை எடுக்கலாம் என்பதால் மலிவு.

பின்பக்கம் ஸ்டுடியோ பெயரும் ஊரும் இருக்கும். வரி ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரைதான் அமெரிக்காவில் புகைப்படத்துக்கு வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட். என்னிடம் உள்ள ஒன்றில் நீல ஸ்டாம்பு மேல் பேனாவால் இரண்டு எழுத்தும் ‘65’ என்றும் கிறுக்கியிருக்கிறது. ஸ்டாம்பைச் செல்லாததாக்க விற்றவர் கிறுக்கியது, 1865 என்று அர்த்தம். ஆனால் அது விற்ற தேதி, எடுத்த தேதி அல்ல. பழைய நெகட்டிவிலிருந்து பிறகு போட்ட பிரதியாகவும் இருக்கலாம்.

அப்புறம் முன்பக்கம், லென்ஸ் வைத்து. மூலைகள் கூராக இருந்தால் பெரும்பாலும் 1860-கள். வளைந்த மூலை பின்னால் வந்தது. நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கால நெகட்டிவ் நீலத்தை வெளுப்பாகக் காட்டும், மஞ்சளையும் சிவப்பையும் கறுப்பாக்கிவிடும். வடக்கு மாநிலங்களின் படையில் காலாட்படைக்காரர் சட்டைக் கையில் தைத்த வெளிர்நீலப் பதவிப் பட்டை பளிச்சென்று தெரியும். குதிரைப்படையின் மஞ்சள் பட்டையோ கருநீலச் சட்டையோடு கலந்து மறைந்துபோகும். பட்டையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். படத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

பூட்ஸுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கால் தெரியும். பிணத்தை நிற்க வைக்கும் தாங்கி என்று பலர் பரப்புகிறார்கள். இல்லவே இல்லை. எக்ஸ்போஷர், அதாவது படம் பதிவாகும் அந்தச் சில விநாடிகள், உயிருள்ளவரின் தலை ஆடாமல் இருக்க வைத்த ஸ்டாண்டு அது. ஆள் கனத்தைத் தாங்காது.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் உறையில் போட்டு வெளிச்சம் படாமல் வையுங்கள். பழைய ஆல்பத்திலிருந்து பிடித்து இழுத்தால் ஓரம் கிழியும்.

கடைசியாக, அட்டையில் மங்கிய பென்சில் எழுத்து இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்தின் பள்ளம் தெரியும். பெயரும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்ணும் கிடைத்தால் அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் அந்தப் போர்வீரர்களின் பட்டியல் இருக்கிறது, இலவசமாகத் தேடலாம்.